அலகற்ற எண்ணும் மணிப்பிரவாள வரியும்

வரி உயரத்தை அலகற்ற எண்ணாகவே தரவேண்டும் என்பது இணைய அச்சமைப்பில் கேள்விக்கு அப்பாற்பட்ட விதியாகிவிட்டது. விதி பிழை என்பது என் வாதமன்று. அது பத்திக்கு உரியது. வரிக்குள் நுழைந்ததும் தடுமாறுகிறது. இதைச் சோதிக்க ஸ்ரீபுராணத்தைவிடப் பொருத்தமான நூல் இல்லை. மேல்சித்தாமூர் மடத்தைத் தலைமைப் பீடமாகக் கொண்ட தமிழ்ச் சமணர் போற்றும் அந்த உரைநடை, சமண மரபின் பெருமக்களான சலாகா புருடர் அறுபத்து மூவரின் (நாயன்மார் அல்லர்) வரலாற்றை மணிப்பிரவாளத்தில் சொல்வது. ஒரே வாக்கியத்தில் தமிழெழுத்தும் கிரந்தமும் அடுத்தடுத்து வரும்.

சிக்கலின் வேர், இணையப் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் மொழிக்கு 2011இல் நிலைபெற்ற 2.1 விவரக்குறிப்பில் உள்ள ஓர் எடுத்துக்காட்டு. எழுத்தளவு 10 புள்ளி. வரி உயரம் 1.2, 1.2 எம், 120 விழுக்காடு என மூன்று விதமாகத் தரப்படுகிறது. மூன்றும் ஒரே உயரத்தைத் தரும் என்கிறது குறிப்பு. மூன்றும் ஒன்றே என்று இதைப் படித்தவர்கள் உண்டு. பின்வந்தோர் அதை மறுத்தனர். எம்மும் விழுக்காடும் 12 புள்ளியாக உறைந்து உள்ளுறுப்புகளுக்கு இறங்கும். எண்ணோ எண்ணாகவே இறங்கி, அங்குள்ள எழுத்தளவால் பெருக்கப்படும். உள்ளே 20 புள்ளித் தலைப்பு ஒன்று இருந்தால், முன்னதில் அதற்கும் 12 புள்ளிதான். வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். பின்னதில் 24 புள்ளி. மறுத்தவர்கள் பக்கமே நியாயம்.

ஆனால் அவர்களும் தலைப்போடு நின்றுவிட்டார்கள். எடுத்துக்காட்டு பேசுவது ஒரு பெட்டியைப் பற்றி மட்டுமே. வரிக்குள் வரும் துண்டைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதமாகப் படித்ததுதான் பிழை என்று கருதுகிறேன்.

கணக்கு எளிது. தமிழ் 16 பிக்சல், வரி உயரம் 1.6, ஆக 25.6 பிக்சல். அடுக்குக் கூட்டெழுத்துகள் தெளிவாகத் தெரியக் கிரந்தத் துண்டை 20 பிக்சலாக்கினால், அதே 1.6 அதற்கு 32 ஆகிறது. கிரந்தம் வரும் வரி மட்டும் 6.4 பிக்சல் விரியும். வராத வரி விரியாது. எம் தந்தாலும் முழுத் தீர்வில்லை. இரு எழுத்துருக்களிலும் அடிக்கோட்டுக்கு மேல் எட்டுப் பங்கும் கீழ் இரண்டு பங்கும் என்று கொண்டால், எழுத்துக்கு மேலும் கீழும் சமமாகப் பிரியும் அரை இடைவெளிகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் 1.2 பிக்சல் அப்போதும் கூடும். கிரந்தத் துண்டுக்குத் தனியாக 1 என்று தந்தால் அதன் பெட்டி தமிழ் வரியின் பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது. அதுவும் அலகற்ற எண்தான். இறங்கி வந்த எண் அன்று, அவ்வளவே.

ஏட்டிலேயே வரிகள் சீராக இல்லையே என்பார்கள். ஏட்டின் நிழற்படம் வேறு, பதிப்பு வேறு. மூன்றடுக்குக் கூட்டெழுத்து அடுத்த வரியைத் தொடுமே என்பது சற்றுக் கனமான தடை. அதற்கான இடத்தைப் பத்தியின் எண்ணை உயர்த்தி எல்லா வரிக்கும் பொதுவாகத் தரவேண்டும். துண்டிடம் விட்டால் பழைய மேடுபள்ளம் திரும்பிவிடும். எழுத்துருவுக்கு எழுத்துரு ஏற்றமும் இறக்கமும் மாறுவதால் என் எண்கள் எங்கும் அப்படியே செல்லும் என்று சாதிக்கமாட்டேன்.

கிரந்தம் ஒருங்குறியில் 2014இல் இடம்பெற்றுவிட்டது; எழுத்துருக்களும் உள்ளன. ஸ்ரீபுராணத்தைத் திரைக்குக் கொண்டுவருவோர் பத்திக்கு 1.8, கிரந்தத் துண்டுக்கு 1 என்று தொடங்கிப் பார்க்கட்டும்.