அறவியல் ஆராய்ச்சியும் புகையிலைப் பணமும்

பல்கலைக் கழகங்கள் அறிவை வளர்க்கும் இடங்கள் என்பர். அறிவு வளர்வதற்குக் கட்டடம் வேண்டும், நூலகம் வேண்டும், ஆராய்ச்சி மாணவனுக்கு மாதந்தோறும் உணவுக்கு வழி வேண்டும். இவற்றுக்கெல்லாம் பொருள் எங்கிருந்து வந்தது என்னும் வரலாற்றை எழுதுவோர் மிகக் குறைவு. பட்டமளிப்பு விழாவைப் பற்றி எழுதுவார்கள்; கணக்குப் பேரேட்டைத் தொடமாட்டார்கள். அப்பேரேட்டில் ஒரு பக்கத்தை மட்டும் இங்கே புரட்டிப் பார்க்கலாம். அறத்தை ஆராய்வதற்கென்றே பல்கலைக் கழகங்கள் பிறரிடம் பெற்ற பணத்தைப் பற்றிய பக்கம் அது.

அறம் என்றவுடன் நமக்கு அறநூல்களே நினைவுக்கு வரும். மேனாட்டுப் பல்கலைக் கழகங்களிலும் நெடுங்காலம் அவ்வாறே இருந்தது. நன்மை யாது, கடமை யாது என்னும் பொதுக் கேள்விகளைத் தத்துவப் பேராசிரியர் தம் அறையில் அமர்ந்து ஆராய்ந்தார். அவருக்கு வேண்டியவை ஒரு நாற்காலியும் சில நூல்களுமே. 1960ஆம் ஆண்டுகளில் மருத்துவம் இந்த அமைதியைக் கலைத்தது. சிறுநீரகம் பழுதுபட்டோர் பலராகவும் இரத்தத்தைத் தூய்மை செய்யும் பொறிகள் சிலவாகவும் இருக்கும்போது, யாரைப் பிழைக்க வைப்பது? 1967ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் ஒருவர் இதயத்தை எடுத்து மற்றொருவருக்குப் பொருத்தினார்கள். அப்படியாயின் ஒருவர் இறந்துவிட்டார் என்று எந்த நொடியில் சொல்வது? இத்தகைய கேள்விகளுக்கு மருத்துவர், வழக்கறிஞர், தத்துவப் பேராசிரியர், சமயத்தார் ஆகியோர் ஒரே மேசையைச் சுற்றி அமர வேண்டியதாயிற்று. இவ்வாறு பிறந்த துறையை நடைமுறை அறவியல் எனலாம். நாற்காலிக்குச் செலவு குறைவு. மேசைக்குச் செலவு மிகுதி. அன்று முதல் அறவியலும் மானியம் தேடும் துறையாயிற்று.

அமெரிக்காவில் 1969இல் தோன்றிய ஹேஸ்டிங்ஸ் மையம் பல்கலைக் கழகத்துக்கு வெளியே நின்றது. பல்கலைக் கழகத்துக்குள் இத்தகைய ஆராய்ச்சிக்கு நிலையான வீடு கட்டியவருள் முதல்வர் ஆந்திரே ஹெல்லெகர்ஸ் என்னும் மகப்பேற்று மருத்துவர். ஜார்ஜ்டவுன் பல்கலைக் கழகத்தில் 1971இல் அவர் தொடங்கிய நிலையத்துக்குக் கென்னடி குடும்பத்தின் அறக்கட்டளை 13 இலட்சத்து 50 ஆயிரம் அமெரிக்க வெள்ளி வழங்கியது. மருத்துவ அறவியலில் இன்றும் பாடநூலாகப் பயிலப்படும் பெருநூலொன்றை 1979இல் வெளியிட்ட பீச்சம், சில்ட்ரஸ் ஆகிய இருவரும் அந்நிலையத்தைச் சார்ந்தவர்களே. பணம் தந்தவர்கள் செல்வக் குடும்பத்தார். அறிவுக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளின் நலத்தில் ஆழ்ந்த அக்கறை உடையவர்கள். அவர்களுடைய அக்கறைக்கும் ஆராய்ச்சியின் பொருளுக்கும் பெரிய முரண் எழவில்லை.

அடுத்து அரசாங்கத்தின் பணம் வந்தது. மனித மரபணுத் தொகுதி முழுவதையும் படித்தறியும் பெருந்திட்டத்துக்குத் தலைமை ஏற்ற ஜேம்ஸ் வாட்சன், அத்திட்டத்தின் பணத்தில் ஒரு பங்கு அதன் அறச்சிக்கல்களை ஆராயவே செலவாக வேண்டும் என்று 1988இல் அறிவித்தார். 1990இல் 3 விழுக்காட்டில் தொடங்கிப் பின்னர் அது 5 விழுக்காடாக உயர்ந்தது. அறவியலுக்கு அதற்குமுன் இத்துணைப் பெரிய மானியம் கிடைத்ததில்லை. நோய்க்கு ஏதுவான மரபணு உடையவன் என்று தெரிந்தால் ஒருவனுக்கு வேலையும் காப்புறுதியும் மறுக்கப்படலாமா என்பது போன்ற நல்ல கேள்விகள் இம்மானியத்தால் ஆராயப்பட்டன. ஆனால், திட்டத்தை நடத்துவோரின் பையிலிருந்தே அதன் குறைகளைச் சொல்வோர்க்கும் கூலி வருகிறதே என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அக்கேள்வி அன்று மெல்லிய குரலில் எழுந்து அடங்கிவிட்டது. உரத்த குரலில் அது எழுந்த இடம் இங்கிலாந்திலுள்ள நாட்டிங்ஹாம்.

நாட்டிங்ஹாம் நமக்குப் புதிய பெயரன்று. அப்பல்கலைக் கழகம் 2000ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் தன் மலேசிய வளாகத்தைத் திறந்தது. 2005இல் அது செமினிக்குப் பெயர்ந்தது. நம் பிள்ளைகள் பலர் அங்குப் படித்துப் பட்டம் பெற்றிருக்கிறார்கள். தாய்ப் பல்கலைக் கழகமோ 1881இல் கல்லூரியாகத் தோன்றி, 1948இல் பல்கலைக் கழகமாக உயர்ந்தது. இடைக்காலத்தில் அதனை வளர்த்தவர் ஜெஸ்ஸி பூட் என்னும் மருந்து வணிகர். அவர் தந்த நிலத்தில் எழுந்த பெருங்கட்டடத்தை 1928இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் திறந்து வைத்தார். அக்கல்லூரியில் ஆசிரியப் பயிற்சி பெற்று 1908இல் சான்றிதழ் வாங்கியவர் நாவலாசிரியர் டி. எச். லாரன்ஸ். (ஆசிரியப் பயிற்சி பெற்றவர்களுள் இப்படியும் ஒருவர் உண்டு என்பதில் நமக்குச் சிறிது பெருமைதான்.) மருந்து விற்ற காசில் கல்விமாடம் எழுந்ததை அவர் ஒரு பாட்டில் எள்ளி நகையாடினார். ஆக, பணம் தந்தவர் யார் என்னும் கேள்வி நாட்டிங்ஹாமுக்குப் பழைய உறவு.

2000ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அப்பல்கலைக் கழகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பை ஆராய்வதற்கான அனைத்துலக மையமொன்று அதன் வணிகவியல் பள்ளியில் அமையும். அதற்குப் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனம் 38 இலட்சம் பவுன் தரும் என்பது செய்தி. வணிக நிறுவனம் மக்களுக்கு எவ்வளவு கடமைப்பட்டது என்பதை ஆராயச் சிகரெட்டு விற்ற பணம்! இதைப் படித்தவர்களுள் சிரித்தவர் சிலர், சினந்தவர் பலர்.

சினத்தின் காரணத்தை உணர ஐம்பதாண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டிய டால், ஹில் என்னும் இருவரின் கட்டுரை 1950 செப்டம்பர் 30இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. இதழின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்க. அமெரிக்கச் சிகரெட்டு நிறுவனங்கள் 1954 ஜனவரி 4இல் நானூற்றுக்கும் மேற்பட்ட செய்தித்தாள்களில் ஒரு விளம்பரம் வெளியிட்டன. மக்களின் உடல்நலமே தங்களுக்குத் தலையாய பொறுப்பு என்றும், உண்மையைக் கண்டறிய ஆராய்ச்சிக் குழு அமைத்துப் பணம் தருவோம் என்றும் அதில் உறுதி கூறின. குழுவும் அமைந்தது. கிளாரன்ஸ் குக் லிட்டில் என்னும் பெயர்பெற்ற மரபியலறிஞர் அதன் அறிவியல் தலைவரானார். பல்கலைக் கழகங்களிலிருந்த நேர்மையான ஆராய்ச்சியாளர் பலர் அதனிடம் மானியம் பெற்றார்கள். அவர்களுள் பெரும்பாலோர் பொய் எழுதவில்லை. புற்றுநோய் பரம்பரையால் வருவதா, உயிரணுவில் எப்படித் தோன்றுகிறது என்றெல்லாம் மெய்யான ஆராய்ச்சியே செய்தார்கள். ஆயினும் புகையைத் தவிர மற்ற எல்லாவற்றின்மீதும் ஒளி விழுமாறு விளக்கைத் திருப்பி வைத்தவர்கள் பணம் தந்தவர்கள். ‘இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறோம்’ என்று சொல்லியே நாற்பதாண்டுகளுக்கு மேல் காலம் கடத்தினார்கள். 1998இல் அமெரிக்க மாநிலங்களோடு செய்துகொண்ட பெரும் உடன்படிக்கையின்படியே அந்த ஆராய்ச்சி அமைப்புக் கலைக்கப்பட்டது.

அது கலைந்து இரண்டே ஆண்டுகளில் நாட்டிங்ஹாம் அறிவிப்பு வந்தது. சிகரெட்டு நிறுவனம் இம்முறை நாடியது மருத்துவ ஆராய்ச்சியை அன்று, அறவியலை.

பல்கலைக் கழகத்தின் மறுமொழியையும் நடுநிலையோடு கூற வேண்டும். புகையிலை வணிகம் சட்டம் அனுமதித்த வணிகம். பணம் மறைவாக வரவில்லை. ஆராய்ச்சியில் நிறுவனம் தலையிடாது. மருத்துவத் துறைக்கு இப்பணத்தில் ஒரு காசும் போகாது என்றார்கள். வாதத்தில் பிழையில்லை. இதற்கு முன்னுதாரணமும் இருந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகம் 1996இல் இதே நிறுவனத்திடம் 16 இலட்சம் பவுன் பெற்று, அந்நிறுவனத்தின் முன்னாள் தலைவர் பெயரிலேயே பேராசிரியர் பதவியொன்றை ஏற்படுத்தியிருந்தது.

பிரிட்டிஷ் மருத்துவ இதழின் ஆசிரியராக அப்போது விளங்கிய ரிச்சர்ட் ஸ்மித், நாட்டிங்ஹாமில் ஊதியம் பெறாத மருத்துவ இதழியல் பேராசிரியராகவும் இருந்தார். பதவி விலகுவதா, உள்ளே இருந்து வாதிடுவதா என்பது அவருக்குச் சிக்கல். அவர் செய்தது புதுமை. தம் இதழின் வாசகர்களிடமே வாக்குக் கேட்டார். பணத்தைப் பல்கலைக் கழகம் திருப்பித் தர வேண்டும் என்றோர் 84 விழுக்காட்டினர். திருப்பித் தராவிடில் ஆசிரியர் பேராசிரியர் பதவியைத் துறக்க வேண்டும் என்றோர் 54 விழுக்காட்டினர். பல்கலைக் கழகம் பணத்தை வைத்துக்கொண்டது. ஸ்மித் 2001இல் பதவியைத் துறந்தார். ஒருவர் தம் மனச்சான்றை வாக்கெடுப்புக்கு விடலாமா என்று கேட்போர் உண்டு. அவ்வாறு கேட்பதும் முறையே. ஆனால் கேட்ட பிறகு வாக்குக்குக் கட்டுப்பட்டாரே, அது சிறிய செயலன்று.

விளைவு அவரோடு நிற்கவில்லை. புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்டும் அறநிலையம், அப்பல்கலைக் கழகத்துக்குத் தருவதாக இருந்த நிதியுதவியைப் பின்வாங்கிக்கொண்டது. புற்றுநோய்க்கு மருந்து தேடிய ஆராய்ச்சிக் குழுவொன்று நாட்டிங்ஹாமை விட்டு இலண்டனுக்குப் பெயர்ந்தது. மானியங்களை மேற்பார்க்கும் அலுவலர்கள் கண்டறிய வேண்டிய செய்தி இங்கேதான் உள்ளது என்று கருதுகிறேன். அவர்கள் ஒவ்வொரு மானியத்தையும் தனித்தனிக் கோப்பாக வைத்து, தனித்தனி ஒப்பந்தமாகப் படித்தார்கள். வணிகவியல் பள்ளியின் கோப்பில் குறையில்லை. மருத்துவப் பள்ளியின் கோப்பிலும் குறையில்லை. ஆனால் பணம் தருவோர் கோப்புக்களாக வாழ்வதில்லை. பந்தியில் அமர்ந்த விருந்தினர்போல் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். புற்றுநோயால் தாயை இழந்து, தெருவில் உண்டியல் ஏந்தி நிதி சேர்த்தவர்களின் பணமும், அந்நோய்க்கு ஏதுவான பொருளை விற்றவர்களின் பணமும் ஒரே பெயர்ப்பலகையின் கீழ் இருக்க முடியவில்லை. 2002இல் இரண்டு பெரிய அறநிலையங்கள் இணைந்து உருவான பிரிட்டிஷ் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, புகையிலைப் பணம் பற்றிய கட்டுப்பாட்டைத் தன் மானிய விதிகளிலேயே எழுதி வைத்தது. அதுவரை பண்பாட்டின் பாற்பட்டதாக இருந்தது ஒப்பந்த விதியாயிற்று.

‘தலையிடமாட்டோம்’ என்னும் வாக்குறுதியைப் பற்றியும் ஒரு சொல். நம் நாட்டுத் தோட்டப் பள்ளிகளின் வரலாற்றை அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்த தோட்டங்கள் பள்ளி வைக்க வேண்டியதாயிற்று. கொட்டகையைத் தந்தது தோட்டம். ஆசிரியருக்குச் சம்பளம் தந்ததும் தோட்டம். கூலி குறைவு என்றோ, பிள்ளைகள் பால்மரக் காட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள் என்றோ எழுதாதே என்று துரை அந்த ஆசிரியரிடம் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சம்பளம் வரும் கையை அவர் அறிவார். கட்டளையே இல்லாத இடத்திலும் அடக்கம் விளைவதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா. ஆராய்ச்சி ஒப்பந்தத்தில் எழுத்தின் சுதந்திரத்தைக் காக்கலாம். அறிஞர் குழுவைக் கொண்டு மதிப்பிடச் செய்து தரத்தையும் காக்கலாம். எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்னும் தேர்வை எந்த விதியால் காப்பது?

இவ்வாறு சொல்வதால் அம்மையத்தில் பணியாற்றியவர்களைக் குறை கூறுவதாகக் கொள்ளற்க. 2002இல் ஜெரமி மூன் என்பவரை இயக்குநராகக் கொண்டு அது பணியைத் தொடங்கிற்று. முதுகலைப் படிப்பு நடத்தியது. அத்துறையில் மதிக்கத்தக்க ஆராய்ச்சிகளையும் வெளியிட்டது. விலைபோனவர்கள் என்று அவர்களைச் சொல்வது அநீதி. ஆனால் நிறுவனம் 38 இலட்சம் பவுன் கொடுத்து வாங்க விரும்பியது ஆராய்ச்சிக் கட்டுரைகளை என்று நான் நம்பவில்லை. சமூகப் பொறுப்பு என்ற சொல்லுக்கு அருகில் தன் பெயரும் நிற்க வேண்டும் என்பதே அதன் விருப்பம். அது அறிவிப்பு வெளியான அன்றே கைகூடிவிட்டது. அதற்குப் பிறகு தலையிட வேண்டிய தேவை என்ன?

இவ்வகை மானியம் அங்கேயே நின்றுவிடவில்லை. செயற்கை நுண்ணறிவின் அறச்சிக்கல்களை ஆராய்வதற்கென்று ஜெர்மனியில் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக் கழகத்துக்கு முகநூல் நிறுவனம் ஐந்தாண்டுகளில் 75 இலட்சம் அமெரிக்க வெள்ளி தருவதாக 2019 ஜனவரியில் அறிவித்தது. நாட்டிங்ஹாமில் கேட்ட கேள்விகள் பெரும்பாலும் அங்கும் கேட்கப்பட்டன. விடைகளும் பெரும்பாலும் அவையே.

நாட்டிங்ஹாமின் பேரேட்டில் பின்னும் ஒரு வரவு உண்டு. புகைபிடித்தலைக் கட்டுப்படுத்தும் வழிகளை ஆராய்வதற்காகப் பிரிட்டிஷ் பல்கலைக் கழகங்கள் பல கூடி 2008இல் ஒரு மையத்தை அமைத்தன. அதனை ஒருங்கிணைக்கும் பொறுப்பை ஏற்றதும் அதே நாட்டிங்ஹாம் பல்கலைக் கழகம்தான்.