பாஞ்சாலங்குறிச்சி: கும்பினிப் படைக்கு ஒரு தணிக்கை

கட்டபொம்மன் என்றதும் நமக்கு 1959-ல் வந்த சிவாஜி படம்தான் ஞாபகம் வரும். நம்ம பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் ஆண்டு விழா என்றால் யாராவது ஒருத்தன் மீசை ஒட்டிக்கொண்டு அந்த வசனத்தைப் பேசியே தீருவான். ஆனால் எல்லாம் முடிந்தபின் மனதில் தங்குவது இவ்வளவுதான்: வெள்ளைக்காரன் வந்தான், பீரங்கி வைத்தான், கோட்டை விழுந்தது. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஜேம்ஸ் வெல்ஷ் என்று ஒரு கும்பினி அதிகாரி. 1801 சண்டையில் நேரில் இருந்தவர். அவருடைய நினைவுக் குறிப்புகளையும், கால்டுவெல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரத்தையும் புரட்டியபோது வேறு கணக்கு தெரிந்தது. நான் படிப்பது பி.காம். அதனால் வீரம், துரோகம் எல்லாவற்றையும் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, படையெடுத்து வந்தவனின் முதல் சில நாட்களை மட்டும் ஆடிட் செய்து பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில் பின்னணி. 1792-ல் ஆற்காட்டு நவாபுடன் செய்த உடன்படிக்கைப்படி, பாளையக்காரர்களிடம் கிஸ்தி வசூலிக்கும் உரிமை கும்பினிக்கு வந்தது. அதாவது சண்டையின் வேர் ஒரு பாக்கிக் கணக்கு. 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு இறந்தார். அதன்பின் கும்பினிக்குத் தெற்கே திரும்பக் கை ஓய்ந்தது. திப்புவையே முடித்தாயிற்று, ஒரு மண்கோட்டை எம்மாத்திரம் என்ற நினைப்பும் கூடவே வந்திருக்கும்.

1799 செப்டம்பர் 5. மேஜர் பானர்மன் கோட்டைக்கு முன் வந்து நிற்கிறார். சரணடையச் சொல்லித் தூது போகிறது, பலிக்கவில்லை. கயத்தாறில் இருந்த ஐரோப்பியப் படை வந்து சேரும் முன்பே தாக்குகிறார். தாக்குதல் முறிந்தது, காலின்ஸ் உட்பட அதிகாரிகள் செத்தார்கள். கூடுதல் படை வரும் என்று தெரிந்ததும் கட்டபொம்மன் கோட்டையைக் காலி செய்தார். அக்டோபர் 16-ல் கயத்தாறில் தூக்கு. கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். கும்பினி ஏட்டில் இது வெற்றி. ஆனால் கோட்டையை அவர்கள் சண்டையில் பிடிக்கவில்லை, காலியாகக் கிடந்ததைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அந்த வித்தியாசத்தை யாரும் குறித்து வைக்கவில்லை போல.

இதற்கான வட்டியை 1801-ல் கட்டினார்கள். பிப்ரவரி 2-ம் தேதி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்புகிறார். அன்று அதிகாரிகள் எல்லாம் மேஜர் மெக்காலே வீட்டில் விருந்தில் இருந்ததாக வெல்ஷே எழுதுகிறார்! ஒரு வாரம் கழித்து, 9-ம் தேதி, மெக்காலே படையோடு பாஞ்சாலங்குறிச்சி வந்து பார்த்தால், இடித்துப் போட்ட கோட்டை மறுபடி எழுந்து நிற்கிறது. உள்ளே ஆயிரத்துக்கு மேல் ஆட்கள். இவர்களிடமோ சுவரை உடைக்கப் பெரிய பீரங்கி கிடையாது. மறுநாளே பாளையங்கோட்டைக்குத் திரும்பினார்கள். அடுத்து தூத்துக்குடியும் ஊமைத்துரை ஆட்கள் கைக்குப் போனது.

அந்தக் கோட்டை எப்படிப்பட்டது? வெல்ஷ் கணக்குப்படி நீளம் சுமார் 500 அடி, அகலம் 300 அடி, மண்சுவர் 12 அடி உயரம். சுற்றிலும் முள்வேலி, அகழி கூட இல்லை. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் நம்ம பக்கத்து மண்ணை ஈரத்தில் மிதித்தவர்களுக்குத் தெரியும், காலை விடாது. கல்சுவர் குண்டு பட்டால் சிதறும், மண்சுவர் குண்டை விழுங்கிக்கொள்ளும். உடைத்த இடத்தில் ஏறி வந்தாலும், உள்ளே 18, 20 அடி ஈட்டியோடு ஆட்கள் காத்திருந்தார்கள். அந்த நெருக்கத்தில் துப்பாக்கியை மறுபடி கெட்டித்துச் சுட நேரம் ஏது?

மார்ச் 31-ல் ஐரோப்பியப் படையையும் பீரங்கிகளையும் சேர்த்துக்கொண்டு மறுபடி தாக்கினார்கள். ஏறிய ஐரோப்பியர் 120 பேரில் காயமில்லாமல் திரும்பியவர்கள் 46 பேர்தான். செத்தவர்களும் காயம்பட்டவர்களும் மொத்தம் 317.

இனி தணிக்கை. பற்று பக்கத்தில் உளவு பூஜ்யம்: ஒரு வாரத்தில் ஒரு கோட்டை எழுவது பாளையங்கோட்டைக்குத் தெரியவில்லை. தயாரிப்பு பூஜ்யம். 1799-ல் செய்த அவசரத்தையே 1801-லும் செய்தார்கள். வரவு பக்கத்தில் ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். மார்ச் 31 அடிக்குப் பிறகு அவர்கள் ஓடவில்லை. கோட்டைக்கு எதிரிலேயே ஏறக்குறைய இரண்டு மாதம் கூடாரம் போட்டுக் காத்திருந்தார்கள். மே மாதம் கர்னல் அக்னியூ பெரிய பீரங்கிகளோடும் புதுப் படையோடும் வந்தார். மே 24-ல் கோட்டை விழுந்தது. நவம்பர் 16-ல் அதே பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரையைத் தூக்கிலிட்டார்கள்.

ஆக, முதல் நாட்களைப் பொறுத்தவரை கும்பினி இரண்டு முறையும் ஃபெயில்தான். ஜெயித்தது திறமையால் என்பதை விட முதலீட்டால். 317 பேரை இழந்தாலும் அடுத்த படையை வரவழைக்க அவர்களிடம் சென்னை இருந்தது, கடல் இருந்தது. ஊமைத்துரைக்கு அந்த ஒரு கோட்டைதான், பக்கத்து எட்டயபுரம் கூட எதிரி பக்கம்.

நம்ம பட்டாசு வட்டாரத்தில் இருக்கும் ஏழாயிரம்பண்ணையும் 1799-க்குப் பிறகு கும்பினி பறிமுதல் செய்த பாளையங்களில் ஒன்று. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இன்னொன்றும் உறுத்துகிறது. அந்த 317-ல் 211 பேர் நம் நாட்டுச் சிப்பாய்கள். போன வருடம் நண்பர்களோடு பாஞ்சாலங்குறிச்சி போனபோது, 1974-ல் அரசு கட்டிய நினைவுக் கோட்டையையும், செத்த வெள்ளைக்கார அதிகாரிகளின் கல்லறைகளையும் பார்த்தோம். அந்தச் சிப்பாய்களுக்கு என்று ஒரு கல் என் கண்ணில் படவில்லை.

அடுத்த ஆண்டு விழாவில் மீசை ஒட்டிக்கொண்டு மேடை ஏறுகிற தம்பி, வசனத்தோடு மார்ச் 31-ஐயும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.