மெடிடேஷன்ஸ்

மெடிடேஷன்ஸ்: ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் (கி.பி. 121–180) கிரேக்க மொழியில் தமக்கெனவே எழுதிவைத்த குறிப்புகளின் தொகுப்பு, ஸ்டோயிக் தத்துவத்தை அன்றாட வாழ்வில் பயின்றதற்கான முதன்மைச் சான்றுகளுள் ஒன்று. 12 பகுதிகள் கொண்டது. தலைப்பு ஆசிரியர் இட்டதாகத் தெரியவில்லை. முதற்பகுதி குடும்பத்தாருக்கும் ஆசான்களுக்கும் அவர் பட்ட கடனைப் பதிவுசெய்கிறது. ஏனையவற்றில் பொருள் வரிசை கிடையாது. ஒரே கருத்து மீண்டும் மீண்டும் வரும். இதைக் குறையாகக் கொள்வது பொருந்தாது. ஸ்டோயிக் ஆசான் எபிக்டெட்டஸ் கற்பித்த மனப்பயிற்சிக்குத் திரும்பச் சொல்லலே அடிப்படை.

பொருள்களை ஒப்பனை நீக்கிக் காண்பது இந்நூலின் தனித்த உத்தி. அரச மேன்மையின் அடையாளமான ஊதா அங்கி, 6ஆம் பகுதியில் சிப்பியுயிரின் குருதி தோய்ந்த ஆட்டுமயிராகிவிடுகிறது. 5ஆம் பகுதி, விடியலில் படுக்கையைவிட்டு எழ மனமில்லாதவன் தன்னோடு நடத்தும் வாதத்துடன் தொடங்குகிறது. எழுதியவர் பேரரசர் என்பதே அங்கு மறந்துபோகும். ஒரு பகுதியின் தலைப்புக்குறிப்பு, டான்யூப் எல்லையிலிருந்த கார்னுண்டம் படைத்தளத்தை எழுதிய இடமாகச் சுட்டுகிறது.

இந்நூல் 1559இல் சைலாண்டரின் லத்தீன் மொழிபெயர்ப்புடன் சூரிச்சில் முதன்முறையாக அச்சேறியது. அப்பதிப்புக்கு அடிப்படையான கையெழுத்துப் படி பின்னர்த் தொலைந்தது. 20ஆம் நூற்றாண்டின் அறிவாற்றல் சார்ந்த உளச்சிகிச்சையை உருவாக்கிய ஆல்பர்ட் எல்லிஸ், ஏரன் பெக் இருவரும் தம் முறைகளுக்கு இந்நூல் சார்ந்த ஸ்டோயிக் மரபே மூலம் எனக் குறிப்பிட்டுள்ளனர்.