குலக்கதையும் குருதிச் சான்றும்

இராயபுரம் என்னும் பெயரே ஒரு திருத்தூதரின் பெயர். பேதுருவை நம் முன்னோர் இராயப்பர் என்று அழைத்தனர். அவர் பெயரால் எழுந்த ஆலயமே ஊருக்கும் பெயர் தந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவ்வாலயத்தைக் கட்டியவர்கள் படகோட்டிகள். சென்னைக்குத் துறைமுகம் அமையாத அந்நாளில் கப்பல்கள் கரையை விட்டு விலகியே நங்கூரமிட்டு நின்றன. பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே கொந்தளிக்கும் அலைகளைக் கடந்து ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தன. அப்படகுகளைச் செலுத்தியோர் தம்மைக் குருகுலத்தார் என்பர். பாரதக் கதையின் குரு மரபோடு தம் வழியை இணைத்துப் பேசுவர்.

அதே இராயபுரத்தில் பார்சிகளின் அக்கினி ஆலயம் ஒன்றும் உண்டு, 1910இல் எழுந்தது. அவர்களுக்கும் ஒரு குலக்கதை இருக்கிறது. பாரசீகத்தை விட்டு வெளியேறிய அவர்தம் முன்னோர் குசராத்துக் கடற்கரையில் சஞ்சான் என்னும் ஊரில் வந்து இறங்கினர். இங்கே இடமில்லை என்பதைக் குறிப்பாக உணர்த்த, அந்நாட்டு மன்னன் விளிம்பு வரை பால் நிறைந்த கிண்ணத்தை அனுப்பினான். வந்தவர்கள் அதில் சர்க்கரையைக் கலந்து திருப்பி அனுப்பினர். பால் வழியவில்லை, இனித்தது.

இத்தகைய கதைகளில் எவ்வளவு வரலாறு? நேற்று வரை கல்வெட்டையும் ஓலையையும் பதிவேட்டையுமே நாம் கேட்க முடிந்தது. இன்று உடலையும் கேட்கலாம். ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்லும். மைட்டோகாண்டிரியாவின் மரபணு தாய்வழியாகவே வரும். தலைமுறைகள் தோறும் அவற்றில் நேரும் சிறு மாற்றங்கள், வழியில் நட்ட மைல்கற்கள் போன்றவை. ஒருவரைச் சோதித்தால் தெரிவது மிகச் சிறிதே. பத்துத் தலைமுறை பின்னோக்கிச் சென்றால் நமக்கு 1,024 முன்னோர் இடங்கள் உண்டு. ஒய் குரோமோசோம் அவற்றுள் ஒன்றைப் பற்றியே பேசும். ஆகவேதான் ஓர் ஊரிலோ சமூகத்திலோ நெருங்கிய உறவில்லாத பலரைச் சேர்த்துச் சோதித்து, பிற மக்களோடு ஒப்பிடுகின்றனர்.

பார்சிகளை அவ்வாறு ஆராய்ந்த முடிவுகள் 2017இல் வெளிவந்தன. அவர்கள் அண்டை அயலாரைவிட ஈரானியருக்கும் காக்கசு மலைநாட்டாருக்குமே நெருக்கமானவர்கள். இந்திய மக்களோடு கலந்தது ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன். கதை மெய்ப்பட்டது. ஆயினும் கதை சொல்லாத ஒன்றையும் ஆய்வு சொன்னது. சஞ்சானில் அகழ்ந்தெடுத்த பழைய எலும்புகளில் 48 விழுக்காடு தாய்வழிகள் தென்னாசியாவுக்கே உரியவை. வந்திறங்கியவர்கள் இம்மண்ணின் பெண்களைத் துணைவியராக ஏற்றிருக்கலாம் என்பதே ஆய்வாளர் தரும் விளக்கம். கிண்ணமும் சர்க்கரையும் நினைவில் நின்றன. அப்பெண்களுக்குக் கதையில் இடமில்லாமல் போயிற்று.

தமிழகத்திலும் இத்தகைய ஆய்வு நடந்துள்ளது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர், 12 பழங்குடிகளையும் 19 பிற சமூகங்களையும் சேர்ந்த 1,680 ஆண்களின் தந்தைவழியை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டனர். இச்சமூகங்களின் பிரிவு 4,000 முதல் 6,000 ஆண்டுப் பழமையுடையது. வேளாண்மை பரவியதோடும் பிழைப்பு முறைகளோடும் அது இயைந்து செல்கிறது. கடந்த 3,000 ஆண்டுகளில் கலப்பு மிகக் குறைவு என்பது அவர்கள் முடிவு. மறு ஆண்டில் இந்தியத் துணைக்கண்டத்தின் 73 மக்கள் குழுக்களை ஆராய்ந்த மற்றொரு குழு, 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் இடையே வடக்கும் தெற்கும், மேலோர் எனப்பட்டோரும் கீழோர் எனப்பட்டோரும் பரவலாகக் கலந்தனர் என்றும், அதன் பின்னரே தன் குலத்துக்குள் மணம் என்னும் வழக்கம் இறுகியது என்றும் கண்டது. காலக் கணிப்பில் இரண்டும் வேறுபடுகின்றன. ஆனால் ஒன்றில் ஒத்துப்போகின்றன: மதில்களுக்கு ஒரு தொடக்கம் உண்டு. தொடங்கியது எதுவும் படைப்பின் ஒழுங்கன்று. மனிதர் செய்த ஏற்பாடு.

அன்பர்களே, இது நம் வீட்டு வாசலில் நிற்கும் செய்தி. ஒரே பீடத்தின் முன் மண்டியிடும் நாம், திருமணப் பேச்சு தொடங்கியதும் "நீங்கள் என்ன ஆட்கள்?" என்றே முதலில் கேட்கிறோம். இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் இக்கரையில் மீனவரும், படகோட்டிகளின் வழிவந்தோரும், இரயில் வேலைக்கு வந்த ஆங்கிலோ இந்தியரும், பர்மாவிலிருந்து மீண்டோரும், ஆலைத் தொழிலாளரும் குடியேறி வாழ்ந்திருக்கின்றனர். இவர்களுள் யாருடைய குருதி தூயது என்று நாம் தேடினால், அறிவியல் நமக்குத் துணைவராது.

அச்சமும் ஒன்று உண்டு. குலக்கதையைப் பெருமைக்குப் பயன்படுத்தியவர்கள் மரபணுவையும் அவ்வாறே பயன்படுத்த முயல்வர். ஒருவர் தரும் உமிழ்நீர் அவருடையது மட்டுமன்று. உடன்பிறந்தாரின் செய்தியும் பிறவாத பேரப்பிள்ளைகளின் செய்தியும் அதில் அடங்கும். எதற்காக எடுக்கிறார்கள், எங்கே வைப்பார்கள் என்று கேட்டறிந்து இசைவது நம் கடமை.

மத்தேயு நற்செய்தியின் முதல் பக்கம் ஒரு வம்ச வரலாறு. தந்தையர் பெயர்களாகவே செல்லும் அவ்வரிசையில் தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி என நால்வர் இடையே வந்து நிற்கின்றனர். இராகாபு கானானியப் பெண். ரூத்து மோவாபியப் பெண். மறைத்துவிடக்கூடிய பெயர்களை நற்செய்தியாளர் மறைக்கவில்லை. சஞ்சானின் எலும்புகள் இன்று சொல்வதை அவர் அன்றே செய்தார்: அயலவளான தாயையும் குலத்தின் வரிசையில் எழுதினார்.

நம் பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் தந்தையின் பெயரோடு தாயின் பெயரும் அங்கே இருக்கும். அடுத்த முறை குலப்பெருமை பேச வாய் திறக்கும்போது, அந்த இரண்டாம் பெயரைப் பின்தொடர்ந்து நான்கு தலைமுறை செல்ல முயலுவோம். எந்த ஊரில், எந்த வாசலில் போய் நிற்போம் என்பதை நம்மில் எவரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது.