நூற்பட்டியலின் வரலாறும் பள்ளி நூலகரும்

ஹிஜ்ரி 377ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 987இல், பக்தாது மாநகரில் ஒரு நூல் உருவாயிற்று. அதன் பெயர் 'அல்ஃபிஹ்ரிஸ்த்'. பட்டியல் என்பதே அச்சொல்லின் பொருள். அதனை எழுதியவர் இப்னுந் நதீம். நூல்களைப் படியெடுத்து விற்கும் 'வர்ராக்' தொழிலில் தந்தையார் காலந்தொட்டே தோய்ந்தவர் அவர். தம் காலம் வரையில் அரபு மொழியில் இயற்றப்பட்ட நூல்களையும், பிறமொழிகளிலிருந்து பெயர்க்கப்பட்ட நூல்களையும் ஒன்று விடாமல் குறித்து வைக்க வேண்டுமென்பது அவர்தம் நோக்கமாயிருந்தது.

பத்துப் பகுதிகளைக் கொண்ட அந்நூலின் தொடக்கத்தில் வேதங்களும் திருக்குர்ஆன் தொடர்பான கலைகளும் இடம்பெறுகின்றன. பின்னர் இலக்கணம், வரலாறு, கவிதை, கலாம், ஃபிக்ஹு, ஹதீஸ் ஆகியன வருகின்றன. அதன் பிறகு தத்துவம், கணிதம், வானியல், மருத்துவம், கதைகள், பிற சமயங்கள், ரசவாதம் என்று பட்டியல் விரிகின்றது. ஆயிரத்தொரு இரவுகளின் மூலமாகக் கருதப்படும் பாரசீகக் கதைநூலைப் பற்றிய குறிப்பையும் அதிற் காண்கிறோம். தமக்கு உடன்பாடில்லாத கொள்கையினரின் நூல்களையும் அவர் ஒதுக்கவில்லை. கவிஞர்களைப் பற்றி எழுதுமிடத்து, ஒவ்வொருவர் பாடலும் எத்தனை ஏடுகள் என்று கணக்குக் கொடுக்கின்றார். ஒரு பக்கத்திற்கு இருபது வரிகள் என்ற அளவையும் சொல்லி வைக்கின்றார். நூல் வாங்குவோர் முழுநூலைத்தான் பெறுகின்றோமா, குறைநூலைப் பெற்று ஏமாறுகின்றோமா என்று அறிந்துகொள்ள இவ்வளவு பயன்படும்.

கி.பி. 1258இல் மங்கோலியப் படையினரால் பக்தாது அழிந்தது. போரினாலும், தீயினாலும், கறையானாலும், கவனிப்பாரின்மையாலும் நூற்றாண்டுதோறும் நூல்கள் மறைந்துகொண்டே வந்தன. இப்னுந் நதீம் பெயர் குறித்த நூல்களுள் மிகப் பெரும்பாலானவை இன்று இல்லை. அவை இருந்தன என்பதற்கே அவருடைய பட்டியல்தான் பல இடங்களில் சான்று. நூல் அழிந்த பின்னும் பெயர் வாழ்கின்றது. அப்பெயரைக் கொண்டு ஆய்வாளர்கள் உலகெங்கும் சுவடி தேடுகின்றனர். பட்டியலில் ஏறாமல் அழிந்த நூலுக்கோ இந்த வாழ்வும் இல்லை.

நூலகத்தின் உயிர் அதன் பட்டியலில் இருக்கின்றது என்னும் உண்மையை இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறுகின்றோம். நம் இல்லத்துப் பிள்ளைகளுள் எவரேனும் பள்ளி நூலகராக விரும்பினால், அவர்கள் முதலிற் கற்க வேண்டிய பாடமும் இதுவே. முன்னாளில் பெருநகரத்து அறிஞர்களுக்கு மட்டுமே கிட்டிய பட்டியல்கள் இன்று இணையத்தின் வாயிலாகச் சிற்றூர் இளைஞர் கைக்கும் எட்டுகின்றன. அவை எங்கிருந்து வந்தன, எவ்வாறு பயன்படும் என்பதை அறிந்துகொள்வது நலம்.

ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவில் கி.பி. 961 முதல் 976 வரை ஆண்ட இரண்டாம் ஹகமின் நூலகத்திற்கு, நூற்பெயர்களை மட்டுமே தாங்கிய பட்டியல் 44 தொகுதிகளாக இருந்ததென வரலாற்றாசிரியர்கள் கூறுவர். பதினேழாம் நூற்றாண்டில் இஸ்தான்புல்லில் வாழ்ந்த ஹாஜி கலீஃபா, 'கஷ்ஃபுழ் ழுனூன்' என்னும் தம் நூலில் 14,000க்கும் மேற்பட்ட நூல்களை அகரவரிசையில் அடுக்கினார். ஐரோப்பியக் கீழ்த்திசை அறிஞர்கள் நெடுங்காலம் அதனையே கைவிளக்காகக் கொண்டிருந்தனர்.

அமெரிக்காவில் மெல்வில் டூயி 1876இல் தம் தசமப் பகுப்பு முறையை வெளியிட்டார். அறிவுத்துறைகள் அனைத்தையும் பத்து வகுப்புகளாக்கி, ஒவ்வொன்றையும் பத்துப் பத்தாகப் பிரித்து எண்கொடுத்த முறை அது. நம் பள்ளி நூலகங்கள் பலவற்றில் நூல்களின் முதுகில் ஒட்டப்பட்டிருக்கும் எண்கள் அம்முறையினவே. அதில் ஒரு குறையும் உண்டு. சமயத்திற்கென ஒதுக்கிய 200 முதல் 299 வரையான எண்களுள் பெரும்பகுதி கிறித்தவத்திற்கே சென்றது. இஸ்லாத்திற்குக் கிடைத்தது 297 என்ற ஓர் எண்ணும் அதன் உட்பிரிவுகளுமே. எனவே சீறாப்புராணத்தைக் கையிலெடுக்கும் பள்ளி நூலகர் அதை 297இல் வைப்பதா, தமிழிலக்கியத்திற்குரிய 894.811இல் வைப்பதா என்று எண்ணிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். இலக்கியத்தில் வைத்துவிட்டு, இஸ்லாம் என்ற தலைப்பின் கீழும் ஒரு குறிப்பு எழுதிவைப்பதே மாணவர்க்குப் பயன்தரும் வழி.

இத்துறையில் உலகுக்கு வழிகாட்டிய பெருமகனார் ஒருவர் நம் தமிழ்நாட்டினர். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் கணிதப் பேராசிரியராயிருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளையும், 1933இல் கோலன் பகுப்பு முறையையும் வெளியிட்டார். நூல் பூட்டி வைப்பதற்குரியதன்று, படிப்பவனுக்குரியது என்பதும், படிப்பவன் நேரம் வீணாகலாகாது என்பதும் அவ்விதிகளின் சாரம். 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியதிலும் அவருடைய உழைப்புக்குப் பெரும்பங்குண்டு. அவருடைய ஐந்து விதிகள் பற்றிய நூல் இன்று இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றது. நூலகராக விழைவோர் வேறெதனையும் படிக்குமுன் அதனைப் படித்தல் வேண்டும்.

1971ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழக மாணவர் மைக்கேல் ஹார்ட், நூல்களைக் கணிப்பொறியில் ஏற்றி இலவசமாக வழங்கும் கூட்டன்பர்க் திட்டத்தைத் தொடங்கினார். அதே ஆண்டில் ஒகையோ மாநில நூலகங்கள் தம் பட்டியல்களைக் கணிப்பொறி வழியே ஒன்றாக இணைக்கத் தொடங்கின. அதுவே வளர்ந்து, 'வேர்ல்டுகேட்' என்ற உலக நூலகங்களின் கூட்டுப் பட்டியலாயிற்று. ஒரு நூல் எந்தெந்த நாட்டு நூலகத்தில் உள்ளதென்று அதிற் காணலாம். 1996இல் தொடங்கிய இண்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் பழைய நூல்கள் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைக்கப்பட்டுள்ளன. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1871இல் அச்சாகத் தொடங்கிய இப்னுந் நதீமின் பட்டியலையே அங்குக் காணலாம்.

பட்டியலிடுவதற்கான மென்பொருளும் இலவசமாய்க் கிடைக்கின்றது. நியூசிலாந்தில் ஒரு சிறு வட்டார நூலகத்திற்கென உருவாகி, 2000ஆம் ஆண்டு சனவரியில் இயங்கத் தொடங்கிய 'கோஹா' அவற்றுள் ஒன்று. கோஹா என்ற மாவோரி மொழிச் சொல்லுக்கு அன்பளிப்பு என்று பொருள். கிதாபுகளை வக்ஃபு செய்து வைத்த சமுதாயத்தார்க்கு அச்சொல்லின் அருமை எளிதில் விளங்கும். பள்ளி நூலகத்தை நடத்தும் முறைகளைப் பன்னாட்டு நூலகச் சங்கக் கூட்டமைப்பு 2015இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் காணலாம். சிறுவர்க்கான கதைநூல்களைத் தமிழிலும் பிறமொழிகளிலும் இலவசமாக வழங்கும் 'ஸ்டோரிவீவர்' தளத்தைப் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கியது. நூல் வாங்கப் பணமில்லாப் பள்ளிகளுக்கு அது பெருந்துணை.

தமிழ் நூல்களைப் பொறுத்தவரை மூன்று தளங்களை நூலகர் நன்கறிந்திருத்தல் வேண்டும். 1998இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டம் ஒன்று. சீறாப்புராணமும் அதில் இடம்பெற்றுள்ளது. 2001இல் தமிழ்நாட்டில் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் மின்னூலகம் நடத்துகின்றது. மூன்றாவது, ஈழத்து நூல்களுக்கென 2005இல் தோன்றிய நூலகம் தளம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அத்தகைய இழப்பைக் கண்ட மண்ணின் மக்கள் தம் நூல்களைப் படமெடுத்துச் சேமிக்க முற்பட்டது நமக்கும் படிப்பினையாகும். இலங்கை முஸ்லிம்களின் நூல்களும் இதழ்களும் அத்தளத்தில் உள்ளன.

இவ்வளவு கருவிகள் இருந்தும், தமிழ் முஸ்லிம்களின் நூல்களைத் தேடுவோர் பலமுறை வெறுங்கையுடன் திரும்புகின்றனர். நூல் இருந்தும் பெயர் மாறிக் கிடப்பதே பெரும்பாலும் காரணம். 1842இல் சீறாப்புராணத்தை அச்சேற்றியவர் செய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம். அவரே சேகனாப் புலவர். அவரே புலவர் நாயகம். இம்மூன்றும் ஒருவரையே குறிக்குமென அறியாத மாணவன் மூவரைத் தேடுவான். கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட நாவல், அசன்பே சரித்திரம் என்றும் அசன்பேயுடைய கதை என்றும் வழங்குகின்றது. காதர், காதிர், காதிறு எனவும், சையது, செய்யிது, ஸையித் எனவும் எழுத்து மாறுந்தோறும் கணிப்பொறி வேறு வேறு ஆளென்றே கொள்ளும். ஐரோப்பியப் பட்டியல்களில் இப்னு ஸீனா 'அவிசென்னா' என்றிருப்பதும் இவ்வகையே.

இதற்கு மருந்து ஒரு குறிப்புத்தான். நிலையான ஒரு பெயரைத் தேர்ந்து, ஏனைய பெயர்களினின்று அதற்கு வழிகாட்டும் இணைப்புக் குறிப்புகளை நூலகர் எழுதிவைக்க வேண்டும். பல நாட்டு நூலகங்கள் ஓர் ஆசிரியரின் பெயரை எவ்வெவ்வாறு எழுதுகின்றன என்பதை ஒருசேரக் காட்டும் 'வியாஃப்' என்னும் பெயர்க்கோப்பு இணையத்தில் உண்டு. பள்ளி நூலகர் அதனைப் பார்த்துப் பழகுதல் நன்று. ஆனால் நம் புலவர்களின் பெயர் வேறுபாடுகளை அயல்நாட்டார் தாமே அறிந்து எழுதுவரென எதிர்பார்ப்பதற்கில்லை. சேகனாப் புலவரும் புலவர் நாயகமும் ஒருவரே என்பதை நம்மவரே சொல்ல வேண்டும். கிஸ்ஸா, மஸ்அலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என்ற நம் இலக்கிய வகைகள் இன்னவையென்று விளக்கவும் நம்மவரே வேண்டும்.

நம் இல்லங்களின் பரண்களிலும், பள்ளிவாசல் அலமாரிகளிலும், மத்ரஸாக்களின் பெட்டிகளிலும் பாட்டிமார் ஓதிய அறபுத் தமிழ்க் கிதாபுகள் கிடக்கின்றன. பல நூல்களுக்கு முன்பக்கமில்லை, பின்பக்கமில்லை. அவ்வெழுத்தைப் படிக்கத் தெரிந்த முதியோரும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவற்றைக் குப்பையென்று ஒதுக்குமுன், பெயர், ஆசிரியர், அச்சிட்ட ஊர், ஆண்டு, பக்கங்களின் எண்ணிக்கை, எந்த வரியில் தொடங்கி எந்த வரியில் முடிகின்றது என்ற விவரங்களை ஒரு குறிப்பேட்டில் எழுதினாலே போதும். ஏடுகளை எண்ணிச் சொன்ன பக்தாது நூல் வணிகர் செய்ததும் இதுதான்.

நூலகப் பணி ஊதியம் குறைந்த பணியென்று கருதி நம் பெற்றோர் பலர் பிள்ளைகளை அதிலிருந்து திருப்பிவிடுகின்றனர். ஓர் ஊரின் நினைவைக் காக்கும் பொறுப்பு அப்பணியில் அடங்கியிருக்கின்றது. நூலகராக விரும்பும் மகனையோ மகளையோ ஊக்குவிப்போம். முதற்பயிற்சியாக, நம் வீட்டுப் பரணிலுள்ள கிதாபுகளையே பட்டியலிடச் சொல்வோம். எழுத்துப் புரியாத இடத்தில் உடனமர்ந்து படித்துக் காட்ட வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே அப்பணியை முடித்துவிடல் வேண்டும்.