ஹுன்னஸ்கிரிய மலைகளில் ஏலம்

இலங்கையின் ஹுன்னஸ்கிரியவுக்கு வடக்கே, நக்கிள்ஸ் மலைக்காடுகளில் ஏலம் பரவியதன் வரலாறு கோப்பியின் வீழ்ச்சிக்குப் பின்பே வேகம் பெறுகிறது. 1869இல் இலங்கையில் தலைகாட்டிய இலைத்துரு நோய், இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்களை அழித்தது. காடு வெட்டிய சரிவுகளைத் தேயிலை பிடித்துக்கொண்டது. நிழலும் ஈரமும் தேடும் ஏலத்துக்கு, வெட்டப்படாமல் நின்ற மேட்டுக்காடு வாய்த்தது.

ஏலம் இஞ்சிக் குடும்பத்துப் பல்லாண்டுச் செடி. கிழங்கிலிருந்து கிளம்பும் தண்டுகள் பத்தடிக்கு மேலும் வளரும். பூவோ உச்சியில் இல்லை. தூரடியிலிருந்து புறப்படும் சரத்தில் இருக்கிறது. வெளிறிய இதழ்களுக்கு நடுவே, ஊதா வரிகள் ஓடிய வெள்ளை உதடு. அதில்தான் தேனீ இறங்குகிறது. மலபார் வகையின் சரம் தரையில் படரும், மைசூர் வகையின் சரம் நிமிர்ந்து நிற்கும். ஒரே சரத்தில் பூவும் பிஞ்சும் முற்றிய காயும் சேர்ந்திருப்பதால், ஒரே தூருக்குத் திரும்பத் திரும்பப் போய், குனிந்தபடி காய் பறிக்க வேண்டும். கடினமான வேலை அது. பழுத்து வெடிக்கும் முன்பே பறித்த காயை உடனே சூளையில் உலர்த்தினால்தான் பச்சை நிறம் நிற்கும், விலையும் நிற்கும்.

ஏலம் காட்டைக் காக்கும் பயிர் என்ற நம்பிக்கை நெடுங்காலம் இருந்தது. அதில் பாதி உண்மைதான். பெருமரங்களை வெட்டாமல் விட்டார்கள். ஆனால் கீழ்ச்செடிகளையும் இளமரங்களையும் அகற்றினார்கள். களையெடுப்பில் மரக்கன்றுகளும் போயின. சூளை விறகும் அதே காட்டிலிருந்து வந்தது. தூரத்துப் பார்வைக்குப் பச்சைக் கூரை அப்படியே தெரிந்தது, அடியில் மட்டும் அடுத்த தலைமுறை மரம் இல்லை. முதிர்ந்த மரம் சாய்ந்த இடத்தை நிரப்ப எதுவும் மிஞ்சவில்லை. சரிவான நிலம் என்பதால் மண்ணரிப்பும் சேர்ந்தது.

1980களில் வனத்திணைக்களம் காட்டுக்குள் ஏலச் செய்கையைத் தடுத்தது. மீமுரே போன்ற மலைக்கிராமங்களில் இதை நம்பியிருந்த குடும்பங்களுக்கு அது பெரிய அடி. காட்டின் பக்கம் நியாயம் இருந்தாலும், அந்த இழப்பைச் சிறிதாக்கிச் சொல்ல முடியாது. 2000இல் நக்கிள்ஸ் பாதுகாப்பு வனமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் தடைக்குப் பின் கைவிட்ட தோட்டங்களில் பழைய ஏலத் தூர்கள் தாமாகவே தழைத்துப் பரவி, மரக்கன்றுகள் முளைக்க இடம்விடாமல் பல ஆண்டுகள் நிலைத்தன.