உரை தொலைந்த வன்தட்டு

1887ஆம் ஆண்டு உ.வே.சாமிநாதையர் சீவகசிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தார். அவ்வுரை கிட்டாதிருந்தால் மூலத்தின் பல இடங்கள் நமக்கு இருளாகவே இருந்திருக்கும். கணினியின் வன்தட்டுக்கும் உரை வேண்டும் என்பதைச் சங்ககிரியில் அறிந்தோம். 1990களில் இங்கு இயங்கி, பின்னர் மூடப்பட்ட கணினி அச்சுக்கோப்பு நிலையம் ஒன்றின் வன்தட்டு எம்மிடம் வந்தது. உள்ளூர்ப் புலவர் ஒருவர் எழுதிய கோயில் வரலாறு அதில் இருந்தது. அச்சேறாத நூல், கையெழுத்துப்படியும் இல்லை.

வன்தட்டின் வரலாறு 1956இல் ஐபிஎம் நிறுவனத்தின் ராமக் கணினியோடு தொடங்குகிறது. 50 தட்டுகள் சேர்ந்து சுமார் 50 லட்சம் எழுத்துகளைத் தாங்கின. 1980இல், பின்னாளில் சீகேட் எனப் பெயர் பெற்ற நிறுவனம், ஏறத்தாழ அதே கொள்ளளவைச் சிறு கணினிக்குள் அடக்கியது. அடுத்து வந்தது ஐடிஇ முறை. ஒரே வடத்தில் இரு வன்தட்டுகளைப் பூட்டினால் எது முதன்மை, எது துணை என்பதை ஊசிகளின்மேல் செருகும் சிறு ஜம்பர் தீர்மானிக்கும். அதன் இடமோ மாதிரிக்கு மாதிரி வேறு. பழைய கணினிகளில் சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களையும் நாமே பதிய வேண்டும். 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர், செக்டருக்கு 512 பைட் எனப் பெருக்கினால் வரும் சுமார் 52.8 கோடி பைட்டே அன்றைய எல்லை. பின்வந்த வன்தட்டுகள் தம் அளவைத் தாமே அறிவித்தன. ஜம்பருக்கோ மேலொட்டிய சீட்டும் கையேடுமே துணை.

எமது வன்தட்டில் சீட்டு உரிந்திருந்தது. கையேட்டை யாரிடம் கேட்பது? கானர் நிறுவனம் 1996இல் சீகேட்டில் கலந்தது. குவாண்டத்தின் வன்தட்டுப் பிரிவு 2001இல் மாக்ஸ்டரிடமும், மாக்ஸ்டர் 2006இல் சீகேட்டிடமும் சென்றன. ஐபிஎம்மின் பிரிவு 2003இல் ஹிட்டாச்சியிடமும், அங்கிருந்து 2012இல் வெஸ்டர்ன் டிஜிட்டலிடமும் போயிற்று. விற்பனை நின்ற பொருளின் கையேட்டைப் பேணுவதில் வணிகத்துக்கு ஆதாயம் ஏது? அவற்றைக் காத்தவர்கள் ஆர்வலர்களே. மின்சுற்றுப் பலகையில் இருந்த எண்ணைக் கொண்டு தேடியபோது, அத்தகைய ஒருவர் படியெடுத்து வைத்திருந்த கையேடு கிடைத்தது. ஜம்பரை மாற்றினோம், வன்தட்டு சுழன்றது. எதையும் எழுதாமல் முதலில் முழுப்படி ஒன்று எடுத்துக்கொண்டோம்.

கோப்பு திறந்தது, தமிழ் தெரியவில்லை! யூனிகோடு பரவுமுன் எழுத்துருவுக்கு எழுத்துரு குறியேற்றம் வேறுபட்டது. தமிழக அரசு 1999இல் டாம், டாப் என இரு தரங்களை அறிவித்தது; இக்கோப்போ அதற்கும் முந்தியது. எழுத்துரு இருந்த நெகிழ்தட்டு கிடைக்கவில்லை. எந்தக் குறி எந்த எழுத்து என ஒவ்வொன்றாகப் பொருத்தி வருகிறோம். இதுவரை தெளிந்தவை சில பக்கங்களே.

பழைய வன்தட்டு வைத்திருக்கும் நண்பர்கள் அதன் மாதிரி எண், ஜம்பர் நிலை, பயன்படுத்திய எழுத்துருவின் பெயர் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி அதனுடன் கட்டி வையுங்கள். நாளை அந்த வன்தட்டுக்கு அத்தாளே உரை.